குறையும் எல்லையும்: லைக்கா தூரமானிக் கமராவின் அமைப்புப் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கவிதையையும் நாடகத்தையும் திறனாய்வு செய்து பழகிய நாம், மனிதன் கையாளும் கருவிகளை அவ்வாறு திறனாய்வதில்லை. கருவி என்றால் அது வேலை செய்கின்றதா, இல்லையா என்பதோடு எமது வினா முடிந்துவிடுகின்றது. ஆயினும் ஒரு கருவியும் ஒரு கருத்தின் அடிப்படையில் ஆக்கப்பட்டதே. அதற்கும் வடிவம் உண்டு, மரபு உண்டு, அம்மரபைப் பேணுவோரும் மீறுவோரும் உண்டு. ஆகவே ஒரு கருவியை முன்வைத்து, இதில் எது திருத்தப்பட வேண்டியது, எது திருத்தப்படலாகாதது என வினவுவது முறையான விமர்சனப் பணியேயாகும். படச்சுருளைப் பயன்படுத்தும் லைக்கா தூரமானிக் கமராவை முன்வைத்து அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாய்வுக்குக் குறை, எல்லை என்னும் இரு சொற்களை வேறுபடுத்திக்கொள்வது இன்றியமையாதது. குறள் வெண்பா ஏழு சீரில் முடிகின்றது. அதனை ஒருவரும் குறையெனக் கொள்வதில்லை. அது அவ்வடிவத்தின் எல்லை. எட்டாவது சீர் ஒன்றைச் சேர்த்துக் குறள் வெண்பாவைத் திருத்திவிட்டதாக ஒருவர் கூறுவாராயின், அவர் திருத்தியதாகாது, அழித்ததாகவே முடியும். ஆனால் அதே பாடல் ஓலைச்சுவடியில் புள்ளியின்றியும் சொற்பிரிப்பின்றியும் எழுதப்பட்டிருந்தமை எழுதுபொருளினால் நேர்ந்த இடர்ப்பாடு. பாவின் இலக்கணம் அன்று. ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சுவடிகளை அச்சேற்றியபோது புள்ளியிட்டுப் பதிப்பித்தமையாற் பா சிதைந்துவிடவில்லை. எல்லை வடிவத்தினின்று பிறப்பது. குறை வடிவத்தோடு தற்செயலாக ஒட்டிக்கொண்டது. லைக்காவைப் பற்றிய விவாதங்களிற் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாலேயே பயனற்றுப் போகின்றன.

1. தத்துவம்

தூரமானிக் கமராவின் தத்துவம் எளிமையானது. கமராவின் முன்புறத்தில் ஒன்றிலிருந்து ஒன்று விலகிய இரு சாளரங்கள் உள்ளன. ஒன்றின் ஊடாக நாம் காட்சியை நேரே காண்கின்றோம். மற்றையதினூடாக வரும் ஒளி ஆடியினாலோ அரியத்தினாலோ திருப்பப்பட்டு, அதே காட்சியின் நடுவே ஒரு சிறு கட்டமாகத் தோன்றுகின்றது. வில்லையைத் திருப்புகையில் அச்சிறு கட்டத்திலுள்ள விம்பம் பக்கவாட்டில் நகர்கின்றது. இரு விம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் கணத்திற் குவியம் சரியாகின்றது. நில அளவையாளர் இரு முனைகளிலிருந்து ஒரு கோபுரத்தை நோக்கித் தூரத்தைக் கணிப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

இத்தத்துவத்திலிருந்து சில பேறுகள் பிறக்கின்றன. படம்பிடிப்பவர் வில்லையினூடாகப் பார்ப்பதில்லையாதலின் கமராவினுள்ளே மேலெழுந்து விழும் ஆடி தேவையில்லை. எனவே ஓசை குறைவு; அதிர்வும் குறைவு; படம் பதிவாகும் அக்கணத்திற் கண் குருடாவதுமில்லை. ஆடிக்கு இடம் விடவேண்டாமையால் அகல்கோண வில்லைகளைப் படச்சுருளுக்கு மிக அண்மையில் அமைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சாளரத்திற் படத்தின் எல்லையைக் காட்டும் ஒளிக்கோடுகளுக்கு வெளியேயுள்ள உலகமும் தெரிகின்றது. சட்டகத்தினுள் நுழையப்போகும் மனிதனை அவன் நுழையுமுன்னரே காணலாம்.

அதே தத்துவத்திலிருந்து சில இயலாமைகளும் பிறக்கின்றன. எம் வரிசை லைக்காவின் தூரமானி ஏறத்தாழ 70 சதமமீற்றருக்கு அண்மையிலுள்ள பொருளை அளப்பதில்லை. 135 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட குவியத்தூரமுடைய வில்லைகளுக்கு அது ஏற்றதன்று. புலக்கூர்மையின் ஆழத்தைக் கண்ணாற் காணவும் முடியாது. பேறுகளும் இயலாமைகளும் ஒரே வேரிலிருந்து வருபவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. திருத்தங்களின் வரலாறு

ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரிலிருந்த எர்ன்ஸ்ற் லைற்ஸ் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒஸ்கார் பர்னாக் அமைத்த சிறு கமரா, 1925 இல் லைப்சிக் சந்தையில் லைக்கா என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. அதில் தூரமானியே இல்லை. தூரத்தை மதிப்பிட்டோ தனிக்கருவியால் அளந்தோ வில்லையைத் திருப்ப வேண்டியிருந்தது. வில்லையோடு இணைந்த தூரமானி 1932 இல் லைக்கா இரண்டிற் சேர்க்கப்பட்டது. ஆயினும் தூரம் அளக்க ஒரு துளை, காட்சியை வகுக்க வேறொரு துளை என இரு துளைகளில் மாறிமாறிக் கண்ணை வைக்க வேண்டிய நிலை தொடர்ந்தது.

அதே 1932 இற் போட்டியாளரான சைஸ் இக்கொன் நிறுவனம் கொன்டாக்ஸ் கமராவை வெளியிட்டது. 1936 இல் வந்த கொன்டாக்ஸ் இரண்டில் இரு துளைகளும் ஒரே சாளரமாக இணைக்கப்பட்டன. அதன் முதுகுப்புறம் முழுவதும் கழன்று வந்தமையால் படச்சுருளை இடுவதும் எளிதாயிற்று. ஷட்டர் மேலிருந்து கீழாக ஓடும் உலோகப் பட்டிகளால் ஆனது. அதன் அதிகூடிய வேகம் செக்கனில் 1/1250. ஆயினும் அதன் பொறி சிக்கல் மிக்கது, பழுதுபார்ப்பதும் கடினமானது. லைக்காவின் துணித்திரை எளிமையும் உறுதியும் வாய்ந்தது. யப்பானின் நிக்கொன் நிறுவனம் பின்னர் தன் தூரமானிக் கமராக்களில் கொன்டாக்ஸின் உடலமைப்பையும் லைக்கா வழிப்பட்ட துணித்திரையையும் இணைத்துக்கொண்டமை நல்ல விமர்சகனின் செயலை ஒத்தது: இரு மரபுகளிலும் எது சாரம், எது உமி என அது பிரித்துப் பார்த்தது. 1959 இல் வெளிவந்து தொழில்முறைப் படப்பிடிப்பின் திசையையே மாற்றிய நிக்கொன் எஃப் என்னும் ஒற்றைவில்லைத் தெறிப்புக் கமராவும் அவ்வுடலமைப்பிலிருந்தே கிளைத்தது.

லைற்ஸ் நிறுவனம் 1954 இல் எம்-3 ஐ வெளியிட்டபோதே ஒற்றைச் சாளரத்தை ஏற்றுக்கொண்டது. கொன்டாக்ஸ் இரண்டுக்கும் எம்-3 க்கும் இடையே 18 ஆண்டுகள். ஆயினும் பிந்தி வந்ததைச் சிறப்பாகச் செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. எம்-3 இன் சாளர உருப்பெருக்கம் ஏறத்தாழ 0.91, இரு கண்களையும் திறந்தபடியே படமெடுக்கலாம். 50, 90, 135 மில்லிமீற்றர் வில்லைகளுக்குரிய ஒளிக்கோடுகள் வில்லையைப் பூட்டியவுடன் தாமாகவே தோன்றுகின்றன. இடமாறு தோற்றத்துக்கு ஏற்பத் தாமாகவே நகர்கின்றன. திருகி இணைத்த வில்லைகளுக்குப் பதிலாகச் சுழற்றிப் பூட்டும் இணைப்பு வந்தது. 1967 இல் வந்த எம்-4 இல் படச்சுருளின் முனையைச் செருகுவது எளிதாக்கப்பட்டது. படச்சுருளைத் திரும்பச் சுற்றும் குமிழுக்குப் பதிலாகச் சாய்வான கைப்பிடி அமைக்கப்பட்டது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? லைக்கா வானத்திலிருந்து முழுமையாக இறங்கிய பொருளன்று. இன்று மரபு எனப் போற்றப்படுவனவற்றுட் பல ஒரு காலத்திற் புதுமைகளாக நுழைந்தவை. ஆகவே திருத்தம் கோருபவரை மரபின் பகைவர் எனக் கூறுவது வரலாற்றுணர்வற்ற செயலாகும்.

3. குறைகள்

முதற் குறை படச்சுருளை இடும் முறை. லைக்காவின் அடித்தகட்டைக் கழற்றி, படச்சுருளை அடியினூடாக மேல்நோக்கிச் செருக வேண்டும். பழைய திருகு வில்லைக் கமராக்களில் சுருளின் முனையைக் கத்தரியால் நீளமாக வெட்டிய பின்னரே இட முடிந்தது. எம்-3 இல் முதுகுப்புறத்திற் சிறு கதவு ஒன்று சேர்க்கப்பட்டது. எனினும் அடித்தகடு தனியே கழன்று வருவது மாறவில்லை. மழையிலோ கூட்டத்திலோ நிற்பவர் ஒரு கையிற் கமராவையும் மறுகையிற் படச்சுருளையும் வைத்துக்கொண்டு, அடித்தகட்டை வாயிற் கவ்விக்கொள்வதே வழக்கமாயிற்று.

இதற்குக் கூறப்படும் நியாயம், திறக்காத ஒரே கூடாக உடல் அமைந்தாற்றான் வில்லைக்கும் படச்சுருளுக்கும் இடையேயுள்ள தூரம் மாறாதிருக்கும் என்பது. பர்னாக்கின் காலத்து உலோக வேலைப்பாட்டை நோக்க இந்நியாயத்திற் பொருள் உண்டு. ஆனால் நிக்கொன் எஸ்பி (1957), கனொன் பி (1959) முதலியவற்றின் முதுகுகள் திறந்தன அல்லது கழன்றன. அவற்றின் துல்லியத்தை எவரும் ஐயுறவில்லை. லைற்ஸ் நிறுவனமே 1960 களின் நடுப்பகுதியில் வெளியிட்ட லைக்காஃபிளெக்ஸ் என்னும் தெறிப்புக் கமராவுக்குக் கீலில் திறக்கும் முதுகை வைத்தது. 2004 இல் அறிவிக்கப்பட்டு யப்பானின் கொசினா நிறுவனத்தாற் செய்யப்பட்ட சைஸ் இக்கொன் கமராவும் லைக்கா எம் வில்லைகளையே ஏற்றது. அதன் முதுகும் கீலில் திறந்தது. எனவே அடித்தகடு தூரமானியின் எல்லையன்று. ஓலைச்சுவடியின் புள்ளியின்மை போன்றதொரு பழக்கமே அது.

இரண்டாவது குறை கண்ணைப் பற்றியது. தூரமானி முற்றிலும் கண்ணை நம்பியது. இரு விம்பங்களின் விளிம்புகள் பொருந்துவதைத் துல்லியமாகக் காணாதவனுக்கு இக்கமராவினாற் பயனில்லை. அவ்வாறிருந்தும் எம் வரிசையின் படச்சுருட் கமராக்களிற் பார்வைக் குறைபாட்டை ஈடுசெய்யும் ஒழுங்கமைப்பு உள்ளே இல்லை. தேவைப்படுவோர் திருத்த வில்லையொன்றைத் தனியே வாங்கிச் சாளரத்திற் திருகிக்கொள்ள வேண்டும். கவனிக்கற்பாலது என்னவெனில், 1933 இல் வெளிவந்த லைக்கா மூன்றில் இவ்வொழுங்கமைப்பு இருந்தது: தூரமானித் துளையைச் சூழ்ந்த சிறு நெம்பைத் திருப்பி அவரவர் கண்ணுக்கேற்பக் கூர்மையைச் சரிசெய்யலாம். 1954 இல் இரு துளைகளும் ஒன்றானபோது அந்நெம்பு கைவிடப்பட்டது. முன்னர் இருந்த வசதி ஒன்றை மீண்டும் தருமாறு கேட்பது மரபு மீறலாகாது.

மூக்குக்கண்ணாடி அணிவோரின் இடர்ப்பாடு இதனோடு தொடர்புடையது. 0.72 உருப்பெருக்கமுடைய சாளரத்தில் 28 மில்லிமீற்றருக்குரிய கோடுகளை அவர்கள் முழுமையாகக் காண்பது அரிது. உருப்பெருக்கத்தைக் குறைத்தால் அகன்ற காட்சி தெரியும். ஆனால் தூரமானியின் துல்லியம் குறையும். இரு சாளரங்களுக்கும் இடையேயுள்ள தூரத்தை உருப்பெருக்கத்தாற் பெருக்கிவரும் அளவே துல்லியத்தைத் தீர்மானிக்கின்றது. எம்-3 இல் அவ்வளவு ஏறத்தாழ 62 மில்லிமீற்றர், 0.72 சாளரமுடைய எம்-2 இல் ஏறத்தாழ 49. லைக்கா நிறுவனம் 1998 இல் 0.85 உருப்பெருக்கத்தையும், 2000 இல் 0.58 உருப்பெருக்கத்தையும் எம்-6 இன் தனித்தனி வகைகளாக விற்றது. அதாவது இரு தேவையுடையவர் இரு கமராக்கள் வாங்க வேண்டும். கனொன் நிறுவனமோ 1949 இலேயே ஒரே கமராவின் சாளரத்தில் மூன்று உருப்பெருக்கங்களை நெம்பு ஒன்றினால் மாற்றும் வகையைச் செய்துகாட்டியது. சைஸ் இக்கொன் இரு சாளரங்களின் இடைத்தூரத்தை 75 மில்லிமீற்றராக நீட்டி, 0.74 உருப்பெருக்கத்தோடு ஏறத்தாழ 55 மில்லிமீற்றர் அளவை அடைந்தது. வழிகள் இருந்தன, நாட்டம் இருக்கவில்லை.

மூன்றாவது குறை ஒளிக்கோடுகளின் அளவு. எந்த வில்லையும் அண்மைப் பொருளுக்குக் குவியப்படுத்தப்படும்போது முன்னோக்கி நகர்வதால் அது காணும் பரப்புச் சற்றுச் சுருங்குகின்றது. லைக்காவின் கோடுகள் இடம் மாறுகின்றனவேயன்றி அளவு மாறுவதில்லை. அண்மைப் பொருளின் விளிம்பு வெட்டுப்படாதிருக்கும் பொருட்டுக் கோடுகள் மிக அண்மைத் தூரத்துக்கே அளந்து வரையப்பட்டன. விளைவு யாதெனில், தொலைவிலுள்ள காட்சியைக் கோடுகளுக்குள் கவனமாக அடக்கி எடுத்தவர், படத்தைக் கழுவிய பின்னர் தான் விலக்கிய பொருள்களும் ஓரங்களில் வந்து நிற்பதைக் காண்கின்றார். சட்டகத்தை வெட்டாது முழுமையாக அச்சிடுவதைக் கொள்கையாகக் கொண்டவர்களுக்கு இது சிறிய குறையன்று. 1930 களிலிருந்து லைக்காவைக் கையாண்ட பிரெஞ்சுப் படக்கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிறெசொன் அக்கொள்கையின் தலையாய பிரதிநிதி என்பதை எண்ணும்போது முரண்பாடு நன்கு புலனாகும். ஒழுங்கமைவுக்காகவே புகழ்பெற்ற கருவி, ஒழுங்கமைவை அண்ணளவாகவே காட்டுகின்றது. இதுவும் தீர்க்கவியலாததன்று. 1958 இல் யப்பானில் வெளிவந்த கொனிக்கா மூன்று-ஏ என்னும் எளிய கமராவில் குவியப்படுத்தும் தூரத்துக்கு ஏற்பக் கோடுகள் நகர்ந்ததோடு சுருங்கவும் செய்தன. மாற்ற முடியாத வில்லையையுடைய அக்கமராவில் இதனைச் செய்வது எளிது. பல வில்லைகளுக்குச் செய்வது கடினம். ஆயின் கடினம் என்பது இயலாமை ஆகாது. கடினமானவற்றைச் செய்வதாலன்றோ லைக்கா பெயர் பெற்றது?

நான்காவது குறை, சாளரத்தினுள் ஷட்டர் வேகம் தெரியாமை. எம்-6 இல் ஒளி கூடியதா குறைந்ததா என்பதைக் காட்டும் விளக்குகள் உண்டு. ஆனால் எந்த வேகத்தில் நிற்கின்றோம் என்பதை அறியக் கமராவைக் கண்ணிலிருந்து இறக்க வேண்டும். காட்சியைவிட்டுக் கண்ணை எடுக்காதிருப்பதே தூரமானியின் பெருமை எனின், இது அப்பெருமைக்கு எதிரானது. 1971 இல் வந்த எம்-5 இலும் 1973 இல் வந்த சீ.எல். இலும் வேகம் சாளரத்தினுள்ளே தெரிந்தது. அதனை 1984 இன் எம்-6 இழந்தது.

4. இடைப்பட்டவை

எல்லா வேண்டுகோள்களும் இவ்வளவு தெளிவாகத் தீர்ந்துவிடுவதில்லை. சிலவற்றில் ஒன்றைப் பெற மற்றொன்றைக் கொடுக்க வேண்டியுள்ளது. ஷட்டர் அத்தகையது. எம்-3 இன் அதிகூடிய வேகம் செக்கனில் 1/1000. 2022 இல் மீண்டும் வெளியிடப்பட்ட எம்-6 இன் அதிகூடிய வேகமும் அதுவே. நண்பகல் வெயிலில் 400 வேகமுடைய படச்சுருளைப் பயன்படுத்துபவர் 1/1000 இல் நின்றாலும் துவாரத்தை எஃப் 11 அளவுக்கு ஒடுக்க வேண்டியுள்ளது. எஃப் 1.4 துவாரமுடைய விலையுயர்ந்த வில்லை அவ்வேளையில் வீணே. எமது நாட்டைப் போன்ற வெப்பவலய நாடுகளில் இதன் பொருள் விளக்க வேண்டாதது. பிளாஷ் விளக்கோடு இணைந்து இயங்கும் வேகமும் 1/50 என்ற மட்டிலேயே நெடுங்காலம் நின்றது. துணித்திரை 36 மில்லிமீற்றர் நீளத்தைக் கிடையாகக் கடக்க வேண்டியிருப்பதே காரணம். நிலைக்குத்தாக ஓடும் உலோகத்திரை 24 மில்லிமீற்றரையே கடப்பதால் 1/125 ஐ எட்டுகின்றது. 1999 இன் கொனிக்கா ஹெக்சார் ஆர்.எஃப். கமரா 1/4000 வரை சென்றது.

ஆயின் உலோகத்திரையின் ஓசை கூர்மையானது. துணித்திரையின் மெல்லோசை தூரமானியின் தத்துவத்தோடு சேர்ந்த பேறு. அதனை இழந்து வேகத்தைப் பெறுவது நயமா, நட்டமா என்பது அவரவர் பணியைப் பொறுத்தது. எனவே இதனைக் குறையெனத் துணிந்து கூறுவதற்கில்லை. ஆனால் இதனுள்ளே ஒரு குறை மறைந்துள்ளது. ஆடியில்லாக் கமராவில் சூரியனை நோக்கிய வில்லை ஒளியை நேரே துணித்திரையின்மேற் குவித்து, அதிற் துளை சுட்டுவிடக்கூடும். கனொன் பி யில் கிடையாகவே ஓடும் திரை மெல்லிய உலோகத் தகட்டாற் செய்யப்பட்டது. அத்தகடு எளிதிற் சுருங்கி மடிவு விழும் என்பது உண்மையே, ஆயினும் எரிவதில்லை. திரையின் ஓட்டத்தை மாற்றாது அதன் பொருளை மட்டும் மாற்றலாம் என்பதற்கு இது சான்று.

ஒளிமானியும் தானியங்கு முறையும் இவ்வாறே. 1980 களின் தொடக்கத்தில் வந்த மினோல்ற்றா சீ.எல்.ஈ. கமரா தானே ஷட்டர் வேகத்தைத் தெரிந்தது. ஆனால் மின்கலம் தீர்ந்தால் அது இயங்காது. 2002 இன் லைக்கா எம்-7 தானியங்கு முறையை ஏற்றபோதும், மின்கலமின்றி இயங்கும் இரு வேகங்களை (1/60, 1/125) விட்டுவைத்தது. நாம் புகழ்ந்த சைஸ் இக்கொன்னும் மின்கலத்தையே முற்றிலும் நம்பியது. அதனை அக்கமராவின் குறைகளுள் ஒன்றாகவே கொள்ள வேண்டும். எம்-6 இல் மின்கலம் ஒளிமானிக்கு மட்டுமே உரியது. அது தீர்ந்தாலும் எல்லா வேகங்களும் இயங்கும். நகரங்களை விட்டு நெடுந்தொலைவில் பணிபுரிபவருக்கு இவ்வமைப்பே உகந்தது. புதிய வசதி கருவியின் தற்சார்பைப் பறிக்கலாகாது என்பதே இங்கு அளவுகோல்.

5. எல்லைகள்

இனி, திருத்தப்படலாகாதவை. நெடுந்தூர வில்லைகளுக்கும் மிக அண்மைப் படங்களுக்கும் வழிசெய்ய லைற்ஸ் நிறுவனம் விசோஃபிளெக்ஸ் என்னும் ஆடிப்பெட்டியைச் செய்தது. அதனை வில்லைக்கும் உடலுக்கும் இடையே பூட்டினால் தூரமானிக் கமரா தெறிப்புக் கமராவாக மாறும். பாரமும் பருமனும் கூடி, நோக்கும் முறையும் வேறாகி, தன் பேறுகள் எல்லாவற்றையும் இழந்த பின்னரே அது அவ்வசதியை அடைந்தது. எட்டாவது சீரைச் சேர்த்த குறள் வெண்பா என அதனைக் கூறலாம்.

1994 இல் கியோசெரா நிறுவனம் வெளியிட்ட கொன்டாக்ஸ் ஜி-1 வேறொரு வகையில் எல்லையைக் கடந்தது. அது தானே குவியப்படுத்தியது. சாளரம் வில்லைக்கேற்பத் தானே உருப்பெருத்தது. வில்லைகள் மிகச் சிறந்தவை. ஆனால் அதன் சாளரத்திற் சட்டகத்துக்கு வெளியேயுள்ள உலகம் தெரியவில்லை. விம்பங்கள் பொருந்துவதைக் கண்ணாற் கண்டு உறுதிசெய்யும் செயலும் இல்லை. கமரா எதனைக் குவியப்படுத்தியது என்பதை நம்ப வேண்டுமேயன்றி அறிய இயலாது. அதனைத் தரங்குறைந்த கமரா என்பது தவறு. ஆயின் தூரமானியின் திருத்தம் என அதனைக் கொள்வதும் தவறு. அது வேறொரு வடிவம்.

6. எம்-5 இன் பாடம்

குறையை எல்லையெனப் போற்றுவதாலும் எல்லையைக் குறையெனப் பழிப்பதாலும் விளையும் கேட்டுக்கு எம்-5 இன் கதை சிறந்த உதாரணம். வில்லையினூடாக வரும் ஒளியை அளக்கும் முதல் எம் லைக்கா அது. வேகக் குமிழ் உடலின் முன்விளிம்பு வரை நீண்டு, சுட்டுவிரலாற் திருப்பத்தக்கதாய் இருந்தது. சாளரத்தினுள் வேகமும் ஒளியளவும் ஒருங்கே தெரிந்தன. பயன்பாட்டு நோக்கில் அது எம் வரிசையின் துணிகரமான திருத்தம். அதற்கும் குறைகள் இருந்தன: உடல் பருத்தது; ஒளிமானியின் உணர்கலம் ஷட்டருக்கு முன்னே ஒரு கையில் ஏறி இறங்கியதால், பின்புறம் உள்நோக்கி நீண்ட சில வில்லைகளை அதிற் கவனத்தோடு கையாள வேண்டியிருந்தது. ஆயினும் அது நிராகரிக்கப்பட்டதற்குத் தலையாய காரணம், அது லைக்காவைப் போலத் தோன்றவில்லை என்பதே. 1975 இல் அதன் உற்பத்தி நின்றது. பின்னர் கனடாவின் மிட்லன்ட் நகரத் தொழிற்சாலையில் எம்-4 இன் வடிவமே எம்-4-2 என்னும் பெயரில் மீண்டும் செய்யப்பட்டது. 1984 இன் எம்-6 பழைய உடலினுள்ளேயே ஒளிமானியை அடக்கியது.

இத்தோல்வியிலிருந்து நிறுவனம் கற்ற பாடம் தவறானது என்பதே எமது கருத்து. வடிவத்தைப் பேணிக்கொண்டு குறைகளைத் திருத்துவோம் என்பதற்குப் பதிலாக, எதனையும் தொடாதிருப்பதே பாதுகாப்பு என அது கற்றுக்கொண்டது. எம்-6 இன் தூரமானிக் கட்டம் பக்கவொளி படும்போது வெளிறி மறைந்தது. முன்னைய கமராக்களில் இருந்த ஒளிக்குவி வில்லையொன்று செலவு கருதி நீக்கப்பட்டமையே காரணம். 2003 இன் எம்-பி அவ்வில்லையை மீண்டும் சேர்த்தது, பாராட்டத்தக்கது. ஆனால் அதே எம்-பி 1967 இலேயே எம்-4 பெற்றிருந்த சாய்வான கைப்பிடியை நீக்கி, எம்-3 இன் பழைய குமிழை மீட்டது. 1998 இன் எம்-6 டீ.டீ.எல். இற் பெரிதாக்கப்பட்ட வேகக் குமிழும் மீண்டும் சிறிதாயிற்று. ஒரு திருத்தம் பயனற்றதென்று கண்டு கைவிடப்பட்டதன்று. பழமையின் தோற்றம் வேண்டுமென்பதற்காகக் கைவிடப்பட்டது. இங்குக் கருவி பணிக்குரிய பொருள் என்ற நிலையிலிருந்து சேகரிப்புக்குரிய பொருள் என்ற நிலைக்கு நகர்வதை அவதானிக்கலாம்.

இதற்கு முடிவான சான்றை 2022 ஆம் ஆண்டு தந்தது. அவ்வாண்டு வெளியான எம்-11 என்னும் இலக்கமுறைக் கமராவில், பர்னாக்கின் காலத்திலிருந்து வந்த கழன்றுவரும் அடித்தகடு கைவிடப்பட்டது. அதே ஆண்டு அதே நிறுவனம் படச்சுருள் எம்-6 ஐ மீள வெளியிட்டது. அடித்தகடு அப்படியே இருந்தது. அடித்தகடு லைக்காவின் உயிர்நிலை எனின் எம்-11 லைக்கா அன்று. உயிர்நிலை அன்றெனின், அதனாற் பெரிதும் இடர்ப்படும் படச்சுருட் கமராவில் அது ஏன் இன்னும் நீடிக்கின்றது? மின்கலத்தையும் நினைவட்டையையும் இடுபவருக்குத் தரப்பட்ட வசதி, 36 படங்களுக்கு ஒருமுறை கமராவைத் திறக்க வேண்டியவருக்கு மறுக்கப்பட்டது. புதிய அச்சுக்கள், புதிய பொறிகள் ஆகியவற்றின் செலவு காரணமாகலாம். அது வணிக நியாயம். அதனை வணிக நியாயமென்றே கூற வேண்டும். மரபு என்னும் பெயரால் அதனைப் போர்த்துவது முறையன்று.

சந்தையின் தீர்ப்பை எடுத்துக்காட்டி எமது கருத்தை மறுப்பாரும் உளர். கீலில் திறக்கும் முதுகும் நீண்ட தூரமானியும் கொண்ட சைஸ் இக்கொன் நின்றுபோயிற்று. லைக்கா நிலைத்தது என்பர். எம்-5 உம் அவ்வாறே நின்றுபோயிற்று. ஆனால் ஒரு நூலின் விற்பனையைக் கொண்டு அதன் தகுதியை அளக்காத நாம், கருவிக்கு மட்டும் அவ்வளவுகோலை ஏற்பது எங்ஙனம்? இடர்ப்பாடுகளே பயனாளியைத் தேர்ந்த கைவினைஞனாக்குகின்றன என்னும் வாதமும் உண்டு. காணுதலிற் பெறும் தேர்ச்சி வேறு. கருவியின் வழுவைச் சமாளிப்பதிற் பெறும் தேர்ச்சி வேறு. முன்னையது படத்திற் தெரியும். பின்னையது பேச்சில் மட்டுமே தெரியும்.

தொகுத்து நோக்குமிடத்து, வேண்டப்படும் லைக்கா புதுமையான கமரா அன்று. இரு சாளரமும் துணித்திரைக்குரிய மெல்லோசையும் மின்கலமின்றி இயங்கும் பொறியும் கொண்ட அதே சிறு உடல். கீலில் திறக்கும் முதுகு. கண்ணுக்கேற்பத் திருப்பும் நெம்பு. தூரத்துக்கேற்பச் சுருங்கும் கோடுகள். சாளரத்தினுள் தெரியும் வேகம். வெயிலில் எரியாத திரை. இவற்றுள் ஒவ்வொன்றும் எங்கோ, எவராலோ, பெரும்பாலும் அரை நூற்றாண்டுக்கு முன்னரே செய்துகாட்டப்பட்டது. எதுவும் தூரமானியின் எல்லையை மீறுவதன்று. பழையவை நீங்குவதையும் புதியவை சேர்வதையும் வழுவன்று என நன்னூலார் மொழிக்கே ஏற்றுக்கொண்டார். கமராவுக்கு அதனை மறுப்பதற்கு நியாயமில்லை. 70 சதமமீற்றருக்கு அப்பால் நிற்க வேண்டுமென லைக்கா விதிக்கும்போது அது தன் இலக்கணத்தைப் பேசுகின்றது. அதற்கு நாம் பணியலாம். அடித்தகட்டை வாயிற் கவ்விக்கொள்ளுமாறு விதிக்கும்போது அது பேசுவது வெறும் பழக்கத்தை. அதற்குப் பணிய வேண்டியதில்லை.